தளை தட்டிய பெயர்

12.06.2025, வியாழன். நாள் 102

இன்றும் வரவில்லை.

இக்குறிப்பேடு வெண்பாவுக்கென்று வாங்கப்பட்டது. பதினொரு ஆண்டுகளாக விடியுமுன் எழுந்து, முகம் கழுவி, நாளொன்றுக்கு ஒரு வெண்பா என்று எழுதி வந்த கை இது. ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். கம்பைநல்லூர்க் கிளை நூலகத்தில் அட்டை கிழிந்து கிடந்த யாப்பிலக்கண நூல் ஒன்றை எடுத்துவந்து, மாட்டுக்குத் தவிடு கலக்கியபடியே விரல் மடக்கி அசை எண்ணி, எவர் துணையுமின்றிக் கற்றுக்கொண்டேன். இவ்வூரில் இதை அறிந்தவர் வேறெவரும் இலர். பெருமைக்காக அன்று, உண்மைக்காக எழுதுகிறேன். சரி, பெருமைக்காகவும்தான்.

இல்லத்தில் விளக்கேற்றுபவர் என் கணவர் நஞ்சப்பன். என் வழிபாடு வேறு. ஒரு வெண்பாவின் இறுதிச் சீர் தன் இடத்தில் வந்து அமரும் நொடியில், எதிரே யாரோ இருந்து கேட்பதுபோல் தோன்றும். அந்த யாரோவைத்தான் கடவுள் என்று கொண்டிருந்தேன். மார்ச் மூன்றாம் தேதி முதல் அவ்விடத்தில் எவரும் இல்லை.

ஆகவே, மாடி இடிந்துபோனவள் தரையில் பாய் விரிப்பதுபோல, இந்த உரைநடை.

14.06.2025, சனி. நாள் 104

இரண்டு சீர்கள் வந்தன. மூன்றாவதைத் தேடி நிமிர்வதற்குள் அவ்விரண்டும் போய்விட்டன.

17.06.2025, செவ்வாய். நாள் 107

நிகழ்ந்ததை ஒழுங்காக எழுதிவைப்பது நலம். எழுதினால் நியாயம் என் பக்கம் இருப்பது விளங்கும்.

கோவிந்தம்மாள் அக்காவும் நானும் பால் சொசைட்டி வரிசையில் பதினொரு ஆண்டுகள் முன்னும் பின்னுமாக நின்றவர்கள். அன்றாடம் எழுதிய வெண்பாவை அங்கேதான் அவர் காதில் போடுவேன். எழுதப் படிக்கத் தெரியாதவர். பாதி சொற்களுக்குப் பொருளும் அறியார். ஆயினும் பா நன்றாக அமைந்த நாளில் மட்டும் "உம்" என்பார். அமையாத நாளில், "மாடு நேத்து ஒரு லிட்டர் கொறச்சுட்டுது பானு" என்று பேச்சை மாற்றிவிடுவார். அந்த "உம்" ஒருநாளும் தவறியதில்லை.

சென்ற ஆண்டு அவர் கணவர் மாது காலமானார். முதலாண்டு நினைவு நாள் நெருங்கியபோது, "அவரப் பத்தி ஒண்ணு எழுது பானு. அவரு நெலமாயிட்டாருன்னு எழுது" என்றார். எழுதினேன். எழுதியதோடு நில்லாமல் அரூர்ச் சாலையில் கல் செதுக்கும் பூபதியிடம் கொடுத்துக் கருங்கல்லில் பொறித்து, என் அன்பளிப்பாக அவர்கள் உழும் காட்டில் மாது அடங்கிய இடத்தில் நடச் செய்தேன். மார்ச் இரண்டாம் தேதி, உறவெல்லாம் கூடியிருக்க, அவர் மகன் அன்பு உரக்கப் படித்தான்:

மண்ணை உழுதவன் மாதவன் மண்ணாகிக்
கண்ணில் விளைகின்றான் காண்.

படித்துவிட்டு, "மாதவன் யாருங்க அத்தை?" என்று கேட்டான்.

'மாது' என்றால் தமிழில் பெண் என்று பொருள், நிகண்டைப் பாருங்கள், ஓர் ஆண்மகனின் கல்லில் அச்சொல் நிற்கலாகாது, ஆதலின் அப்பெயரின் செம்மையான வடிவத்தை இட்டேன் – இவ்வாறு விளக்கினேன். தெளிவாகவே விளக்கினேன். நஞ்சப்பன் என் பின்னால் நின்று முணுமுணுத்தார்: "மாதேஸ்வரன் மலைக்கு நடந்துபோய் வேண்டிக்கிட்டுப் பெத்த புள்ளைன்னு வெச்ச பேரு அது. ஈஸ்வரன் பேர எடுத்துப் பெருமாளுக்குக் குடுத்துட்டே போ."

கோவிந்தம்மாள் அக்கா கல்லை ஒருமுறை தடவினார். "பேரையும் மாத்தி, மண்ணாவும் போவ வெச்சுட்டீங்களே" என்றார்.

'ட்டீங்களே.' பதினொரு ஆண்டுகளில் அவர் என்னை 'ங்க' போட்டு அழைத்தது அதுவே முதல்முறை.

மறுநாள் முதல் பாலை அன்பு கொண்டுவருகிறான். மறுநாள் முதல் வெண்பாவும் இல்லை. இரண்டுக்கும் தொடர்பில்லை.

29.06.2025, ஞாயிறு. நாள் 119

மகள் காவியா ஓசூரிலிருந்து வந்திருந்தாள். என் கைப்பேசியில் தியானம் கற்பிக்கும் செயலி ஒன்றை ஏற்றிக் கொடுத்தாள்.

"மூச்ச மட்டும் பாரும்மா. வேற ஒண்ணும் பண்ணாத. உனக்கு ஸ்ட்ரெஸ்ஸு. அது போனா கவித தானா வரும்."

"வெண்பா."

"சரிம்மா, வெண்பா."

கண்களை மூடினேன். ஒரு பெண்குரல் கடலைப் பற்றிப் பேசியது. நான் கடலைப் பார்த்தவள் அல்லேன். உள்ளே போகும் மூச்சு நேர், வெளியே வருவது நிரை என்று எண்ணத் தலைப்பட்டேன். நேர்நிரை, நேர்நிரை, நேர்நிரை – ஒரு மணி நேரம் வெறும் கூடு. உள்ளே ஒரு சொல் இல்லை. கண் விழித்தபோது நஞ்சப்பன் எதிரே நின்றிருந்தார்.

"என்னம்மா, சாமி வந்துச்சா?"

"வரலை."

"பஸ்சு கெடைக்கலையோ என்னமோ."

சிரித்தேன். பிறகு கொட்டகைக்குச் சென்று மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

06.07.2025, ஞாயிறு. நாள் 126

அரூரில் திருமண மண்டபம் ஒன்றில் தியான வகுப்பு. வெள்ளை உடுத்திய இளைஞர் ஒருவர், "எண்ணங்கள் மேகங்கள் போல. வரும், போகும். நீங்கள் வானம்" என்றார். உவமை பழையது. ஆயினும் முயன்றேன். மேகம் ஒன்றுதான் வந்தது, போகவில்லை. செம்மண் காடு, ஒரு கருங்கல், அதைத் தடவும் ஒரு கை.

வானமாக இருப்பது எனக்கு இயலாது. வகுப்பு முடியுமுன் எழுந்து வந்துவிட்டேன்.

24.07.2025, வியாழன். ஆடி அமாவாசை. நாள் 144

தீர்த்தமலைக்குப் போனேன். கோவிலை நாடிப் போகிறவள் அல்லேன் நான். வழி வேறு இல்லாதவள் போகிற இடத்துக்கு நானும் போனேன் என்க.

அரூரில் மாறி ஏறிய பேருந்தில் காலியாக இருந்தது ஒரே இடம். சன்னலோரத்தில் கோவிந்தம்மாள் அக்கா.

"உக்காருங்க" என்றார். நகர்ந்து இடம் விட்டார்.

அமர்ந்தேன். மடியில் தேங்காய்ப் பை. கணவருக்குத் திதி கொடுக்கப் போகிறார். அவர் தோள் என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. ஏதேனும் சொல்ல வேண்டும் என்று பத்து முறை வாயெடுத்தேன்.

"மாடு எப்படி இருக்குதுக்கா?"

"நல்லா இருக்குதுங்க."

அவ்வளவே. வசவு வாங்கியிருக்கலாம். காறி உமிழ்ந்திருந்தாலும் துடைத்துக்கொண்டிருப்பேன். இந்த 'ங்க' – இரண்டு எழுத்துக்கு இத்தனை எடை உண்டென்று எந்த இலக்கண நூலிலும் நான் படித்ததில்லை.

மலையில் பாறையிலிருந்து தீர்த்தம் தலையில் விழுந்தது. என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. "கொடு" என்றேன். எதை என்று சொல்ல மறந்தேன்.

03.08.2025, ஞாயிறு. நாள் 154

ஆடிப் பதினெட்டு. ஊரே ஆற்றுக்குப் போயிருக்கிறது. நான் போகவில்லை. இன்று ஒரு சீர்கூட வரவில்லை.

19.08.2025, செவ்வாய். நாள் 170

காலையில் வெந்நீர் அடுப்பின் முன் அமர்ந்து முதல் குறிப்பேட்டை உள்ளே வைத்தேன். பதினொன்றையும் வைத்துவிடும் எண்ணம். அட்டை கருகத் தொடங்கியது.

நஞ்சப்பன் வந்து கையால் இழுத்துப்போட்டார். விரல் சுட்டுக்கொண்டது. ஊதிக்கொண்டே, "சாம்பலுக்கும் தளை பாப்பியா?" என்றார். அப்புறம் சிரிக்காமல், "என்னாச்சு உனக்கு? சொல்லு" என்றார்.

சொன்னேன். ஐம்பத்தேழு வயசு ஆச்சு. சொந்தமா ஒரு காணி நெலம் இல்ல, படிப்பு இல்ல, ஒரு மேடை இல்ல. இது ஒண்ணுதான் எனக்குன்னு இருந்துச்சு. அதுவும் போயிட்டா நான் யாரு? பாலு கறக்கறவ. அவ்வளவுதானே? சொல்லுங்க, அவ்வளவுதானே நானு?

அவர் சுட்ட விரலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அவரிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். இதை எழுதவே இத்தனை நாட்கள் சுற்றி வந்திருக்கிறேன் போலும்.

நிகண்டு காரணமன்று.

'மண்ணை உழுதவன் மாது மண்ணாகி' என்றுதான் முதலில் எழுதினேன். தளை தட்டியது. 'மாது'வைத் தொடர்ந்து 'மண்' வந்தால் வெண்பாவின் நடை இடறும். 'மாதவன்' என்றால் இடறாது. ஒரு வரியில் இருமுறை 'மண்' வரும் அழகை விட மனம் வரவில்லை. எனவே மனிதரின் பெயரை விட்டேன். நிகண்டைப் பிற்பாடுதான் எடுத்தேன், கேள்வி வந்தால் காட்டுவதற்காக.

அவர் சாகும்வரை அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்த்தார். எனக்கு ஓர் அசை உதைத்தது என்பதற்காக –

போதும்.

07.09.2025, ஞாயிறு. நாள் 189

கோவிந்தம்மாள் அக்காவின் மருமகள் கோகிலா, ரவிக்கைத் துணி கொடுக்க வந்தாள். (தைப்பதும் எனக்குத் தெரியும். அதுவும் நானே கற்றதுதான்.) அளவு எடுக்கும்போது தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அத்தை அந்தக் கல்லு மேல செம்மண்ணு கரைச்சுப் பூசுதுங்க. மழை வந்து கரைஞ்சா மறுபடி பூசுது. முழுக் கல்லுக்கும்."

"முழுசுமா? ஏன்?"

"பேர மட்டும் மூடுனா போதும்னுதான் நானும் சொன்னேன். 'எந்த எழுத்து பேருன்னு எனக்கு என்னா தெரியும்? யாரையும் கேக்கவும் வெக்கமா இருக்குது. முழுசும் மூடிட்டா தப்பாவாது'ங்குது."

"எடுத்துப் போட்டுடலாமே."

"நட்ட கல்ல எடுக்கக் கூடாதாமுங்க."

அளவு நாடாவைப் பிடித்தபடியே நின்றிருந்தேன். கோகிலா, "என்னங்க அத்தை, ஒடம்பு சரியில்லையா?" என்றாள். மார்பளவு எவ்வளவு குறித்தேன் என்று நினைவில்லை. தவறாகவே குறித்திருப்பேன்.

21.09.2025, ஞாயிறு. மாளய அமாவாசை. நாள் 203

காட்டுக்குப் போனேன். காலையிலேயே. இரவெல்லாம் பெய்த மழையில் வரப்பு வழுக்கியது.

அக்கா கல்லின் முன் குந்தியிருந்தார். கையில் செம்மண் கரைத்த சட்டி. மழை கழுவிய இடங்களில் என் எழுத்துகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. 'ண்ணை' என்று ஓரிடம். 'வன்' என்று ஓரிடம்.

"வாங்க" என்றார், நிமிராமல்.

"அக்கா, தப்புப் பண்ணிட்டேன்."

"நீங்க படிச்சவங்க. நீங்க என்னா தப்புப் பண்ணுவீங்க."

"நிகண்டுக்காக மாத்தலக்கா. பொய் சொன்னேன். ஓசைக்காக மாத்தினேன். அவரு பேரு என் பாட்டுல ஒக்காரல. அதான்."

பூசிய கை நின்றது.

"ஒக்காரலையா?" என்று கேட்டார். "அவரு யாரு வூட்டுல போயி ஒக்காந்தாரு, ஒங்க பாட்டுல வந்து ஒக்கார? எங்க போனாலும் நின்னுக்கிட்டே ரெண்டு வார்த்த பேசிட்டு ஓடியாந்துருவாரு. பொண்ணு பாக்க வந்தப்பவே ஒக்காரல. எங்கப்பன் முறுக்குத் தட்டக் கையில வெச்சிக்கிட்டு நிக்குறாரு, இவரும் நிக்குறாரு."

சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. சட்டியில் கையை விட்டுக் கலக்கினார்.

"பேரு கூடப் போவட்டுமுங்க. பேரு தப்பாப் போட்டது ரேஷன் கார்டுலயும்தான். மண்ணாப் போனாருன்னு எழுதுனீங்க பாருங்க. அது ஆறல. ஒருத்தர ஒருத்தர் வைய்யறப்ப என்னா சொல்லுவோம்? மண்ணாப் போனவனேம்போம். எம்புருசன் தலமாட்டுல, எஞ்சனம் அத்தனையும் நிக்கறப்ப, எம்மவன் வாயாலயே அதப் படிக்க வெச்சீங்க. நான் என்னா சொன்னேன் ஒங்ககிட்ட? நெலமாயிட்டாருன்னு எழுதுன்னேன். அது ஒண்ணுதான் கேட்டேன்."

'மண்ணாகி.' ஆறு மாதங்களாக அவ்வசவு என் வரியில் நின்றுகொண்டிருந்தது. எனக்குக் கேட்கவில்லை. எதுகை கேட்டது, மோனை கேட்டது. ஊரில் நாள்தோறும் எல்லார் வாயிலும் புரளும் சொல் மட்டும் கேட்கவில்லை.

பழக்கம் என்ன செய்யும்? அவர் பேசி முடிக்கையிலேயே என் விரல்கள் புடவைக்குள் தாமாக மடங்கின. மாதுவை அடுத்து இரண்டு குற்றெழுத்தில் தொடங்கும் சொல் ஒன்று வந்தால் போதும். நி, ல.

மண்ணை உழுதவன் மாது நிலமாகிக்
கண்ணில் விளைகின்றான் காண்.

தட்டவில்லை. எங்கும் தட்டவில்லை. அவருடைய பெயரும் அமர்ந்தது, நின்றுகொண்டே.

அக்கா கேட்ட சொல்லை அப்படியே வைத்திருந்தால் அன்றே முடிந்திருக்கும். ஒரு மூச்சு நேர வேலை. பதினொரு ஆண்டுகளில் அவர் காதில் போடாமல் நான் வெளியே விட்ட ஒரே பா இது. வியப்பில் ஆழ்த்த வேண்டும் என்று ஒளித்துவைத்தேன். போட்டிருந்தால், "மாடு நேத்து ஒரு லிட்டர் கொறச்சுட்டுது" என்றிருப்பார். நான் வீடு வந்து திருத்தியிருப்பேன்.

"அக்கா, நீங்க சொன்னது சரியா வருதுக்கா. நெலம். இப்பத்தான் பாத்தேன். சரியா வருது."

"இப்ப வந்து என்னா பண்ண?" என்றார். மறுபடி பூசத் தொடங்கினார்.

வரப்பில் இருமுறை வழுக்கி விழுந்து வீடு வந்தேன்.

04.10.2025, சனி. நாள் 216

பூபதியிடம் போனேன். 'மாதவன்' என்பதை 'மாது' ஆக்க முடியுமா?

"த-வுக்கு ஒரு சுழி போட்டுத் து ஆக்கிடலாமுங்க. ஆனா வன்-ஐக் கொத்தி எடுத்தா குழி வுழுந்துரும். அப்பறம் மண்ணாகி வேற இருக்குது. கல்லு புண்ணாயிருமுங்க." தலையைச் சொறிந்தார். "பின்பக்கம் சும்மாதான இருக்குது? நின்ன எடத்துலயே அந்தப் பக்கம் தீட்டி வெட்டிக் குடுத்தர்றேன். கல்ல அசைக்கவே வேணாம்."

நேரே அக்காவின் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றே சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை, உட்காரவும் இல்லை.

"போன தரம் யாரக் கேட்டு வெட்டுனீங்க?"

"யாரையும் கேக்கல."

"இந்தத் தரம்?"

"அதான் வந்துருக்கேன்."

சற்றுநேரம் முற்றத்துக் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லுங்க, கேப்போம்" என்றார்.

சொன்னேன். ஏழு சீர்கள்தாம். 'நிலமாகி' என்னும் சொல்லில், நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்திவிட்டேன்.

"உம்" என்றார்.

பின் உள்ளே போய்விட்டார்.

18.10.2025, சனி

பூபதி வெட்டி முடித்தார். குச்சிக்கிழங்குக் காட்டைப் பார்த்த பக்கம் அது. பாதையில் போகிறவர்களுக்குத் தெரியாது. முன்பக்கம் செம்மண்ணோடு அப்படியே இருக்கிறது. இருக்கட்டும். என் பிழை அது. எனக்குத் தெரிந்த இடத்தில் நிற்கட்டும்.

"இதுல எது அவரு பேரு?" என்று அக்கா கேட்டார். அவர் கையைப் பிடித்து வைத்தேன். இரண்டே எழுத்து. அவர் விரல் 'து'வின் சுழியில் போய் நின்றது. அங்கேயே நின்றது.

நான் விலகி வரப்பில் போய் உட்கார்ந்துகொண்டேன். பூபதியும் உளியைத் துடைத்தபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்: நாட்களை எண்ண மறந்திருக்கிறேன்.

02.11.2025, ஞாயிறு

விடியுமுன் எழுந்தேன். எழுதுகோலை எடுத்தேன். ஒன்றும் வரவில்லை. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பால் சொசைட்டிக்குப் போனேன்.

தூறல். வரிசையில் அன்பு இருக்கும் இடத்தில் அக்கா நின்றிருந்தார், தலையில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு. நான் பின்னால் போய் நின்றேன். நகர்ந்தோம். இன்னும் கொஞ்சம் நகர்ந்தோம். தூக்கை வைக்கும் முறை வரும்போது திரும்பாமலே கேட்டார்:

"என்னா பானு, இன்னிக்கு ஒண்ணும் இல்லையா?"

"இல்லக்கா. வரல."

"மாடு நேத்து ரெண்டு லிட்டர் கொறச்சுட்டுதுடி" என்றார்.

"உம்" என்றேன்.